நெட்வொர்க் ரீசெட் கொடுத்தபோது உங்களுக்கு என்ன நடந்தது?

சாட்ஸ்வொர்த் வாசி

2023, இங்கே தென்னாப்பிரிக்காவில் லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு ஸ்டேஜ் 6இல் ஓடிக்கொண்டிருந்த சமயம். என் மனைவியின் பெரியம்மா கும்பகோணத்தில் தவறிவிட்டார். அவளை வளர்த்தவர் அவர்தான். உடனே கிளம்ப வழியில்லை, வீடியோ காலிலாவது பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். நாங்கள் இருப்பது டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு அவுட்பில்டிங், அதாவது வீட்டுக்காரர் வளாகத்திலேயே தனியாக இருக்கும் சின்ன வீடு. வீட்டுக்கார ஆன்ட்டியின் வைஃபைதான் எங்களுக்கும், எங்கள் அறையில் அந்த வைஃபையை நீட்டித் தரும் ஒரு எக்ஸ்டெண்டர் மாட்டியிருக்கிறது. இங்கே குடியிருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதில்லை.

லைன் நன்றாகவே இருந்தது. குளிப்பாட்டி, கோடி போர்த்தி, வாய்க்கரிசி போட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது. எக்ஸ்டெண்டரும் எங்கள் சின்ன யுபிஎஸ்ஸில் ஓடியது. வைஃபை குறி முழுசாகக் காட்டியது, ஆனால் இணையம் இல்லை. போன் டேட்டாவும் நகரவில்லை, பேசுவதற்கு மட்டும் ஒரு கோடு சிக்னல் இருந்தது.

ஜோஹன்னஸ்பர்க்கில் இருக்கும் அக்கா மகனைக் கூப்பிட்டேன். லேப்டாப்பின் ஐபி நம்பரை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்ணை, படிக்கச் சொன்னான். 169.254 என்று தொடங்கியது. "செட்டிங்ஸ்ல நெட்வொர்க் ரீசெட் அமுக்குங்க மாமா, சரியாயிடும்" என்றான். அமுக்கினேன். இன்னும் ஐந்து நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைந்துவிடும் என்று திரையில் ஒரு பட்டை வந்தது. என் மனைவி அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அஞ்சு நிமிஷமா?" என்று மட்டும் கேட்டாள்.

அணைந்து மறுபடி வந்ததும் வைஃபை பாஸ்வேர்டு கேட்டது. அது எங்களுக்குத் தெரியாது, குடிவந்த அன்று ஆன்ட்டியே தட்டிக் கொடுத்தது. ஆன்ட்டி இங்கே சாட்ஸ்வொர்த்திலேயே இருக்கும் பங்களாதேஷ் மார்க்கெட் போயிருந்தார். மறுபடி லைன் கிடைத்தபோது அங்கே வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த ரீசெட் அன்றைக்குத் தேவைதானா என்பது இன்னும் என்னை விடவில்லை. இங்கே வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

ரிசர்வாயர் ஹில்ஸ் அக்கா

ரொம்ப வருத்தமாக இருக்கிறது தம்பி. மனைவிக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள்.

எனக்கு நடந்தது அலுவலகத்தில். டர்பனில் ஓவர்போர்ட் பகுதியில் ஒரு சின்னக் கணக்காளர் அலுவலகம், நான்கைந்து கம்ப்யூட்டர், எல்லாக் கோப்பும் ஒரே மெஷினில் ஒரே ஃபோல்டரில். மாதக் கடைசி, வாட் வரிக் கணக்குப் போட வேண்டிய நாள். அந்த மெஷினில் நெட் மெதுவாக இருக்கிறது என்று ஒருவரை வரவழைத்தார்கள். அவர் வந்தார், நெட்வொர்க் ரீசெட் கொடுத்தார், நெட் வந்தது, காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்புறம் பார்த்தால் யாருக்கும் ஃபோல்டர் திறக்கவில்லை. பக்கத்து மேசைப் பெண் அதே ஃபோல்டரைத் திரும்பத் திரும்பக் கிளிக் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அந்தப் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்து, பாதி வழியில் நின்றுவிடும். எதிரே மசாலாக் கடைக்காரர் ஒருவர் ஷூ பெட்டி நிறைய ரசீதோடு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

இரண்டு விஷயம் நடந்திருந்தது. ரீசெட்டுக்குப் பிறகு விண்டோஸ் எங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கை 'பப்ளிக்' என்று எடுத்துக்கொண்டது. ஏர்போர்ட் வைஃபை போல நினைத்து மற்ற மெஷின்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்திவிட்டது. இரண்டாவது, அந்த மெஷினுக்குக் கையால் கொடுத்திருந்த நிரந்தர ஐபி நம்பர் அழிந்துவிட்டது. அதை எங்கேயும் எழுதிவைத்திருக்கவில்லை. கடைசியில் ஒரு கிளையண்டின் மகன், கல்லூரிப் பையன், பிரிண்டரின் ஸ்கேன் முகவரிப் பட்டியலில் அந்தப் பழைய நம்பர் இருப்பதைக் கண்டுபிடித்தான். ஸ்கேன் செய்த தாளை எந்த மெஷினுக்கு அனுப்ப வேண்டும் என்று பிரிண்டர் ஞாபகம் வைத்திருக்குமே, அங்கே. அதைப் போட்டு, நெட்வொர்க்கை 'பிரைவேட்' ஆக்கினான், எல்லாம் திரும்பியது.

வந்து போனவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நெட் வந்தால் மட்டும் வேலை முடிந்ததா? இன்னொரு மேசையில் ஒருவர் வேலை செய்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போகக் கூடாதா?

கேபிள்காரத் தம்பி

சாட்ஸ்வொர்த் அண்ணா, முதலில் என் அனுதாபங்கள். நான் ஃபைபர் லைன் போடும் வேலையில் இருக்கிறேன், டர்பன் வடக்குப் பகுதி முழுக்க. நீங்கள் கேட்டதற்கு நேரடிப் பதில்: தேவையே இல்லை. 169.254 என்று தொடங்கும் நம்பர் ரௌட்டர் கொடுத்ததல்ல. "எனக்கு ஒரு நம்பர் கொடு" என்று கம்ப்யூட்டர் கேட்டு, யாரும் பதில் சொல்லாதபோது அது தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் நம்பர் அது. உங்கள் அறையில் எக்ஸ்டெண்டர் யுபிஎஸ்ஸில் உயிரோடு இருந்தது, அதனால் குறி முழுசாகக் காட்டியது. ஆன்ட்டி வீட்டு ரௌட்டர் கரண்ட் இல்லாமல் செத்துக் கிடந்தது. நம்பர் கொடுக்க ஆளே இல்லை. லேப்டாப்பில் எதைத் தட்டினாலும் அது மாறாது. அந்த யுபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போய் ஆன்ட்டியின் ரௌட்டருக்கும் சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் கொடுத்திருந்தால் ஒருவேளை லைன் வந்திருக்கும். தெருமுனை வரைக்கும் ஃபைபரில் போவது வெளிச்சம்தான், கரண்ட் வேண்டியது இரு முனைகளில்.

நான் பார்த்தது இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் ஒரு வீடு. வயதான தாத்தா ஒருவர், தனியாக இருக்கிறார். நெட் இல்லை என்று போனில் உதவி கேட்டிருக்கிறார், ரீசெட் செய்யுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ரௌட்டரின் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊக்கு விட்டு அழுத்தியிருக்கிறார். அந்த ஓட்டை எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுபோய்விடும். அவர் லைன் பிபிபிஓஇ வகை, யூசர் பெயரும் பாஸ்வேர்டும் உள்ளே இருந்தால்தான் ஓடும். இரண்டும் போச்சு. நான் போனபோது அந்த ஊக்கை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருந்தார். "சொன்னபடிதானே செய்தேன் தம்பி" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

சரி, இனிமேல் யாருக்கும் இது ஆகக் கூடாது என்பதால் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன்னால் அதே வைஃபையில் போன் ஓடுகிறதா பாருங்கள். போனிலும் இல்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. அப்படியானால் ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் அணைத்து, முதலில் பெட்டி, அதன் விளக்கு நிலைத்த பிறகு ரௌட்டர், என்ற வரிசையில் போடுங்கள். லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும்போதுதான் பாதிக் குழப்பம் வருகிறது. கம்ப்யூட்டரில் மட்டும்தான் கோளாறு என்று தெரிந்தால், கட்டளை அடிக்கும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலைத் திறந்து ஐபிகான்ஃபிக் ரிலீஸ் (ipconfig /release), பிறகு ஐபிகான்ஃபிக் ரென்யூ (ipconfig /renew). இது பழைய நம்பரை விட்டுவிட்டுப் புதிது கேட்கும், எதையும் அழிக்காது. நம்பர் சரி, ஆனால் தளங்களின் பெயர் மட்டும் பிடிபடவில்லை என்றால் ஃப்ளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns). இவ்வளவுக்கும் வராவிட்டால்தான் நெட்வொர்க் அமைப்பின் ஒரு பகுதியை மட்டும் சரிசெய்யும் நெட்எஸ்ஹெச் (netsh) கட்டளைகள், அதற்கும் பிறகுதான் செட்டிங்ஸில் இருக்கும் அந்தப் பெரிய ரீசெட். அது விண்டோஸ் 10இல் 2016ஆம் ஆண்டு அப்டேட்டோடு வந்தது. எல்லா நெட்வொர்க் அடாப்டர்களையும் (கம்ப்யூட்டரை நெட்டோடு இணைக்கும் பாகங்கள்) கழற்றிவிட்டு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு புதிதாக மாட்டும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டு, கையால் கொடுத்த ஐபி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை நம்பராக மாற்றித் தரும் சர்வரின் முகவரி) எல்லாம் போகும். அமுக்குவதற்கு முன்னால் ஐபிகான்ஃபிக் ஆல் (ipconfig /all) போட்டு வரும் திரையைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரிசர்வாயர் ஹில்ஸ் அக்கா அலுவலகத்தில் அந்த ஒரு போட்டோ இருந்திருந்தால் போதும். வைஃபை பாஸ்வேர்டு தெரியாவிட்டால் நெட்எஸ்ஹெச் டபிள்யூலேன் ஷோ ப்ரொஃபைல், அதோடு வைஃபை பெயர், கடைசியில் கீ ஈக்வல்ஸ் க்ளியர் (netsh wlan show profile name="வைஃபை பெயர்" key=clear) என்று அடித்தால் காட்டிக்கொடுக்கும். அதையும் ரீசெட்டுக்கு முன்னால்தான் பார்க்க முடியும், பின்னால் முடியாது.

அப்புறம் அந்த ஐந்து நிமிடம். அது முழுசாகக் காத்திருக்க வேண்டும் என்று இல்லை. திறந்திருப்பதை மூடிவிட்டு நாமே ரீஸ்டார்ட் கொடுத்துவிடலாம்.

சாட்ஸ்வொர்த் வாசி

தம்பி, விளக்கத்துக்கு நன்றி. ரௌட்டர்தான் காரணம் என்று இப்போதுதான் பிடிபடுகிறது. ஆனால் யுபிஎஸ்ஸைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது, பூட்டிய வீட்டுக்கு எப்படிப் போவது? வாய்க்கரிசி நேரத்தில் யாருக்கு அதெல்லாம் தோன்றும்? என் மனைவியும் இதைப் படிக்கிறாள். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேபிள்காரத் தம்பி

மன்னியுங்கள் அண்ணா. அக்காவிடமும் சொல்லுங்கள்.

லெனேஷியா ஐயா

தம்பி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் ரீசெட்டை ஏதோ விஷம் போல ஆக்கிவிடாதீர்கள். என் அனுபவம் வேறு.

விண்டோஸ் எக்ஸ்பி காலம். என் மகளின் கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் ஒன்றை நீக்கினோம், அன்றோடு நெட் போயிற்று. ஐபி சரியாக இருந்தது. பிங் அடித்தால், அதாவது தூரத்து மெஷின் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளையைக் கொடுத்தால், பதில் வந்தது. ஆனால் பிரவுசர் திறக்காது, மெயில் வராது. ரௌட்டர், கேபிள், போன் லைன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. மகள் அப்போது விட்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள், அசைன்மெண்ட் அனுப்ப வேண்டும், சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். தெரிந்தவர் ஒருவர் விஷயத்தைச் சொன்னார்: புரோகிராம்கள் நெட்டுக்குப் போகும் வழியில் வின்சாக் என்று ஒரு அடுக்கு இருக்கிறது, ஆன்டிவைரஸ் போன்றவை அதற்குள் தங்கள் கண்ணியைக் கோத்துக்கொள்ளும், சரியாக நீக்காவிட்டால் கண்ணி அறுந்து தொங்கும். பிங் அந்த வழியாகப் போவதில்லை, அதனால்தான் அது மட்டும் ஓடுகிறது. நெட்எஸ்ஹெச் வின்சாக் ரீசெட் (netsh winsock reset) என்று அடித்து ரீஸ்டார்ட் கொடுத்தோம். அவ்வளவுதான். அவுட்லுக் திறந்ததும் தேங்கியிருந்த மெயில்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே இறங்கின. மகள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தக் காட்சி எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இந்தக் கட்டளை எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 வந்த 2004க்குப் பிறகுதான். அதற்கு முன்னால் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் இரண்டு கீகளை அழித்து, டிசிபி ஐபியை மறுபடி ஏற்ற வேண்டும். கை நடுங்கும் வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற வைரஸ் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? கம்ப்யூட்டரின் டிஎன்எஸ் நம்பரை மாற்றி, நீங்கள் கேட்கும் தளத்துக்குப் பதிலாகத் தாங்கள் விரும்பும் தளத்துக்கு அனுப்பினார்கள். 2011 நவம்பரில் எஸ்டோனியாவில் ஆட்களைப் பிடித்தார்கள். ஆனால் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அந்த நம்பரையே நம்பி ஓடிக்கொண்டிருந்ததால், அமெரிக்க நீதிமன்ற உத்தரவோடு அதே நம்பர்களில் நல்ல சர்வர்களை வைத்துச் சில மாதம் ஓட்டினார்கள். 2012 ஜூலை 9ஆம் தேதி நிறுத்தினார்கள். அதற்குள் செட்டிங்ஸைச் சரிசெய்யாதவர்களுக்கு அன்றைக்கு நெட் இல்லை. இப்படிக் கோளாறு உள்ளேயே உட்கார்ந்திருக்கும்போது ரௌட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. கம்ப்யூட்டரைத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

ஆகவே 'கடைசியில்தான்' என்று சட்டம் போடாதீர்கள் தம்பி. எந்த அறிகுறி என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேபிள்காரத் தம்பி

ஐயா, வின்சாக் ரீசெட்டையும் செட்டிங்ஸில் இருக்கும் ரீசெட்டையும் ஒன்றாகப் பேசுகிறீர்கள். வின்சாக் ரீசெட் வைஃபை பாஸ்வேர்டை அழிக்காது. நீங்கள் சொன்ன இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன். நான் வேண்டாம் என்றது எல்லாவற்றையும் வாரிப் போடும் அந்த பட்டனை, அதுவும் போனில் யாரோ சொல்கிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்குவதை.

மேரிட்ஸ்பர்க் வாத்தியார்

ஊரிலிருந்து வந்து இங்கே தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கோயில் அலுவலகக் கம்ப்யூட்டரும் என் பொறுப்பில் வந்து சேர்ந்துவிட்டது.

பெரிய வெள்ளிக்கு இங்கே தீமிதி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்தைய வாரம். விரதம் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை ஆன்லைனில் வைத்திருந்தோம், அச்செடுக்க வேண்டும். கரண்ட் போய் வந்த பிறகு எந்தத் தளமும் திறக்கவில்லை. பாதுகாப்பில்லாத இணைப்பு என்று ஒவ்வொன்றும் சிவப்பாக எச்சரித்தது. இளைஞர்கள் மூன்று பேர் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கொரு ரீசெட் கொடுத்தார்கள். ரீசெட் முடிந்து திரும்ப வரும், மறுபடி அதே சிவப்பு. வெளியே பட்டியலுக்காகப் பெரியவர்கள் காத்திருக்கிறார்கள்.

பூசைக்குப் பால் எடுத்துப் போக உள்ளே வந்த ஒரு ஆயா, திரையின் வலது ஓரத்தைக் காட்டி, "இன்னிக்கு ஜனவரியா?" என்று கேட்டார். அங்கே ஜனவரி 1, 2010 என்று இருந்தது.

போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோயிருந்தது. கரண்ட் இருக்கும் வரை கடிகாரம் ஓடும், போனால் பிறந்த நாளுக்கே திரும்பிவிடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கம்ப்யூட்டர் 2010இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவும் செல்லாது. தேதியை மாற்றினோம், திறந்துவிட்டது. பேட்டரியை அடுத்த நாள் சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிப் போட்டேன்.

லோட்ஷெடிங் 2024 மார்ச் கடைசியில் நின்று, 2025இல் சில நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. ஆனால் பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் கோயில்களும் சங்கங்களும் இன்னும் நிறைய. லெனேஷியா ஐயா அறிகுறி என்றாரே, இதுவும் ஒரு அறிகுறி: எல்லாத் தளமும் சான்றிதழ் கோளாறு காட்டினால் முதலில் தேதியைப் பாருங்கள்.

ஐசிபிங்கோ மாணவன்

எனக்கு நடந்தது சிறியதுதான். பிங் ஓடியது, வாட்ஸ்அப் கூட ஓடியது, பிரவுசர் மட்டும் இல்லை. ரீசெட் கொடுத்தும் அப்படியே. செட்டிங்ஸில் ப்ராக்ஸி பக்கத்தில், அதாவது பிரவுசர் எந்த மெஷின் வழியாக நெட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் இடத்தில், 127.0.0.1 என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. முன்பு போட்டிருந்த ஒரு இலவச புரோகிராம் பாதியில் நின்றுபோனதால், அது விட்டுவிட்டுப் போன எச்சம். அந்த நம்பர் என்றால் கம்ப்யூட்டர் தன்னிடமே கேட்டுக்கொள்கிறது என்று அர்த்தம், கேட்கும் இடத்தில் யாரும் இல்லை. ஸ்விட்சை ஆஃப் செய்ததும் ஓடியது. ஐபி ரீசெட்டும் வின்சாக் ரீசெட்டும் அந்தப் பக்கத்தைத் தொடுவதில்லை.

டொங்காட் மூத்தவள்

மே 12, 2024. ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். என் தங்கை கல்யாணமாகி தார் எஸ் சலாமில் இருக்கிறாள். அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் போனில் இல்லாமல் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று பட்டுப் புடவை கட்டி, பூ வைத்து, லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை முகம் வந்தது, வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. சத்தம் இல்லை. அம்மா அதை நோக்கிப் பேசிக்கொண்டே இருக்கிறார், "சாப்பிட்டியா, ஏன் இளைச்சுப்போன?" என்று. தங்கை கேட்கவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. நான் குறுக்கே சொல்லவும் மனம் வரவில்லை.

இங்கே என் தம்பி லேப்டாப்பை ரீசெட் செய்தான். அங்கே தங்கை வீட்டுக்காரரும் அவர் லேப்டாப்பை ரீசெட் செய்திருக்கிறார். எங்களுக்கு மற்ற தளங்கள் எல்லாம் ஓடின, அதனால் கோளாறு அவர்கள் பக்கம் என்றான் தம்பி. அவர்களுக்கு எதுவுமே சரியாக ஓடவில்லை, அதனால் தங்கள் கம்ப்யூட்டர்தான் என்று அவர்கள் நினைத்தார்கள். எப்போதாவது ஒரு எழுத்துச் செய்தி மட்டும் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தது. அதில் இரண்டு வீட்டாரும் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டதுதான் மிச்சம். நல்ல நாளில் மனஸ்தாபம்.

அப்புறம் செய்தி வந்தது. ஈஸி, சீகாம் என்ற இரண்டு கடலடிக் கேபிள்களும் டர்பனுக்கு வடக்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டரில் அறுந்திருக்கின்றன. அதாவது எங்கள் ஊர்ப் பக்கத்துக் கடலில்! இரண்டும் துகேலா ஆற்றுக்கு அப்பால் எம்துன்சினியில் கரையேறுகிறவை. பிப்ரவரியில் செங்கடலில் சில கேபிள்கள் அறுந்து, கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வடக்கு வழியும் ஏற்கெனவே குறுகிப்போயிருந்தது. தெற்கிலும் அறுந்ததும் டான்சானியா, கென்யா, உகாண்டா பக்கமெல்லாம் பலமாக அடி. தென்னாப்பிரிக்காவுக்கு மேற்குக் கரையோரமும் கேபிள்கள் இருப்பதால் நமக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

கடலுக்கு அடியில் அறுந்ததற்கு இரண்டு வீட்டில் இரண்டு லேப்டாப்பைப் பிரித்துப் போட்டோம். இதைப் பற்றித் தொழில் தெரிந்தவர்கள் யாரும் சாதாரண ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ரீசெட் எப்படிச் செய்வது என்று ஆயிரம் பேர் சொல்கிறார்கள். இன்றைக்கு ஊருக்கே நெட் இல்லையா, எனக்கு மட்டும் இல்லையா என்று எங்கே பார்ப்பது, அதை யார் சொன்னார்கள்?

ரிசர்வாயர் ஹில்ஸ் அக்கா

டொங்காட் அக்கா, நீங்கள் கேட்டது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் அலுவலகத்திலும் அதே வருஷம் மார்ச் 14 அன்று இப்படித்தான், ஆன்லைனில் இருக்கும் ஆபீஸ் ஃபைல்கள் திறக்கவில்லை. ஐவரி கோஸ்ட் கடல் பக்கம் மேற்குக் கேபிள்கள் பல ஒன்றாக அறுந்த நாள் அது. இந்த முறை யாரையும் மெஷினைத் தொட விடவில்லை நான். உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று திறக்கிறதா பார்த்தேன், திறந்தது. அப்போது நம் மெஷினும் நம் ரௌட்டரும் நலம், தூரத்தில்தான் கோளாறு என்று எல்லோரையும் மதியச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

கேபிள்காரத் தம்பி

அக்கா செய்தது நல்ல சோதனை. ட்ரேஸர்ட் (tracert) என்று ஒரு கட்டளையும் இருக்கிறது, தளத்தின் பெயரோடு அடித்தால் வழியில் எந்த இடம் வரை பதில் வருகிறது என்று வரிசையாகக் காட்டும். முதல் வரி உங்கள் ரௌட்டர். அது பதில் சொல்லி, அடுத்து நாலைந்து வரியும் ஓடி, அப்புறம் நட்சத்திரமாக வந்துகொண்டே இருந்தால் அநேகமாக உங்கள் வீட்டில் கோளாறு இல்லை. சில இடங்கள் பதில் சொல்லாமல் இருப்பதும் வழக்கம்தான், ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

லோட்ஷெடிங் இல்லாவிட்டாலும் திடீர்ப் பவர்கட் நம் பகுதிகளில் போகவில்லை. ஃபைபர் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சேர்த்து ஒரு மினி யுபிஎஸ் மாட்டிவிடுங்கள். பெரும்பாலும் இரண்டும் 12 வோல்ட், வாங்கும் முன் பவர் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிலது 9 வோல்ட். பெட்டியை விட்டுவிட்டு ரௌட்டருக்கு மட்டும் கொடுத்தால் பயனில்லை. நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கேப்டவுன் இரவுப்பணி

என்னை இன்னும் உறுத்துவது விபிஎன், அதாவது வீட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாகப் போகும் வழி. பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் கால் சென்டரில் வீட்டிலிருந்து வேலை. லைன் விட்டு விட்டு வந்தது. டீம் லீடர் சாட்டில் சொன்னபடி நெட்வொர்க் ரீசெட் கொடுத்தேன். நெட் பளிச்சென்று வந்தது. ஆனால் விபிஎன் திறந்தால் அடாப்டரே இல்லை என்கிறது. அந்த விபிஎன் தனக்கென்று ஒரு போலி அடாப்டரை உள்ளே வைத்திருக்கும், ரீசெட் அதையும் சேர்த்துக் கழற்றிவிட்டது. மறுபடி நிறுவ அட்மின் பாஸ்வேர்டு வேண்டும், அது ஆபீஸ் ஐடி ஆட்களிடம்தான், அவர்கள் காலையில்தான் வருவார்கள். அன்றைய ஷிஃப்ட் முழுக்க, நெட் ஓடும் லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். சம்பளத்தில் பிடித்தார்கள். ரீசெட் கொடுக்கச் சொன்னவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த ரீசெட் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது, விபிஎன் போன்றவற்றை மறுபடி நிறுவ வேண்டியிருக்கலாம் என்று. சொல்லிக் கொடுப்பவர்கள் யாரும் அந்த வரியைப் படித்துக் காட்டுவதில்லை.

இப்போது படிப்புக்காக ஹைப்பர்-வியில் (ஒரே கம்ப்யூட்டருக்குள் வேறு கம்ப்யூட்டர்களை ஓட்டும் விண்டோஸ் வசதி) இரண்டு மெஷின் போட்டு வைத்திருக்கிறேன். ரீசெட் கொடுத்தால் அதுவும் போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கேபிள்காரத் தம்பி

மெஷின்கள் போகாது. அவற்றை நெட்டோடு இணைக்கும் விர்ச்சுவல் ஸ்விட்ச் போகலாம், திரும்ப உருவாக்கி ஒவ்வொரு மெஷினிலும் மாட்ட வேண்டியிருக்கும். ஸ்விட்சின் பெயரையும் வகையையும் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.